கல்லில் இடமில்லாத மூன்று சரணம்

டெல்சி ரஸ்னிக் தன் கோழிக்கூண்டுக்குப் போகிற பாதையில் கிராமபோன் தட்டுகளை உடைத்துப் பாவி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சொன்னவர் முடிதிருத்துகிற ஓட்டிஸ். அவருக்குச் சொன்னது தபால்காரர். பெட்ரோல் பங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சேதி இன்னும் கொஞ்சம் கொழுத்திருந்தது. உடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் ஒரு தடவை பாடவிட்டுக் கேட்கிறாராம், கேட்டுவிட்டுச் சாபம் போடுகிறாராம், அப்புறம்தான் சுத்தியலை எடுக்கிறாராம். நான் எழுதுகிற பத்திரிகை வாரத்துக்கு ஒருமுறை வருவது. எங்கள் மலையில் வதந்தி மட்டும்தான் தினசரி. எழுபத்து நான்காம் வருஷத்து ஆகஸ்டில், எதையாவது எழுதியாக வேண்டிய ஒரு காலையில், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் வீடு இருக்கிற பிட்டர் க்ரீக் மேட்டில் ஏறினேன்.

பாதை உண்மைதான். கறுப்புச் சில்லுகள் சேற்றில் அழுந்தி, மிதித்தால் நறநறவென்றன. அங்கங்கே சிவப்பு லேபிளின் துண்டுகள், தங்க எழுத்தில் பாதிப் பெயர்கள். அதன்மேல் கோழிகள் பட்டத்து ராணிகள் மாதிரி நடந்துகொண்டிருந்தன.

"எதுக்குடா குனிஞ்சு குனிஞ்சு பாக்கற? முட்டை திருட வந்தியா?"

ஊருக்கே அத்தையான டெல்சி வாசலில் நின்றார். எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். அவர் கையால் சாப்பிடாதவன் எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்ட்டியில் கிடையாது. அதனால் நீதிபதியும் அவருக்கு 'டேய்'தான், நானும் 'டேய்'தான்.

"பாதை நல்லாயிருக்கு அத்தை."

"மழைக்கு வழுக்காது. அந்த எழவு அதுக்காவது உதவட்டும்."

"எல்லாம் ஒரே பாட்டா?"

"ஒரே பாட்டுதான். மறுபக்கம் கோவேறு கழுதையப் பத்தி ஒரு தமாஷ் பாட்டு. கழுதை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா ஒரு பக்கத்த மட்டும் எப்படிடா உடைக்கிறது?"

அன்று காலைதான் இன்னொரு தட்டு வந்திருந்தது. மேட்டு வீட்டு விதவை ஒருத்தி, முட்டையிடுகிற இரண்டு கோழிகளை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தை அதைக் கைப்பிடி சுழற்றும் பழைய பெட்டியில் வைத்தார். பாட்டு 'லாஸி ப்ரே'. பாடியவர் எமரி டாக்கெட், எங்கள் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய ஆள். முதலில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து பாஞ்சோவின் நரம்பொலி தட்டுத்தடுமாறி எழுந்தது. பிறகு அந்தக் குரல். மூக்கால் பாடுகிற, அழாத, யாரையும் அழச் சொல்லாத குரல். பக்கத்து வீட்டில் சாவு என்று தகவல் சொல்ல வந்தவன் வாசற்படியிலேயே நின்று சொல்வது போல இருந்தது. ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆயிரத்தோராவது தடவையும் கை மயிர் எழுந்து நின்றது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது, ஏனென்றால் அந்தப் பாட்டு யாருடைய தலையில் விழுந்த பாட்டு என்று எனக்குத் தெரியும். கடைசிச் சரணம் வந்தது.

*ஆத்தோரம் ரத்தம் கண்டு ஊர் திரண்டதே,*
*ஹார்மன் ரஸ்னிக் கையிலே விலங்கு விழுந்ததே.*
*"எங்கே விட்டாய் லாஸியை, சொல்லு" என்றாரே,*
*ஒண்ணும் சொல்லாமல் அவன் தண்ணீரைப் பார்த்தானே.*

அவ்வளவுதான். பாஞ்சோகூட முடிக்காமல் பாதியில் நின்றது. ஊசி வெற்றுக் கோட்டில் ஓட, அத்தை குனிந்து, காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சாபம் ஒன்றும் போடவில்லை. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கல்லில் வைத்து ஒரே போடு.

"உடைக்கிறதுக்கு எதுக்கு அத்தை கேக்கணும்?"

"ஒண்ணுலயாவது மிச்சம் இருக்காதான்னு ஒரு நப்பாசை."

"எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது அத்தை."

"தெரியும்டா! நான் என்ன பைத்தியமா?" என்று சுத்தியலை ஆட்டினார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். "தட்ட உடைச்சிடுவேன். எத்தனை வந்தாலும் உடைப்பேன். இப்ப கல்லு வைக்கப் போறானாமே திருவிழா நடத்தற உங்க வெண்டல்? பாலத்துக்கிட்ட, ஆறு சரணத்தையும் செதுக்கி? எங்க அப்பா பேரோட? கல்ல எதால உடைக்கிறது, சொல்லு! பேப்பர்காரன்தானே நீ, சொல்லு!"

அந்தக் கல்லைத் திறந்துவைக்கப் போகிற திருவிழா அடுத்த வாரச் சனிக்கிழமை.

நடந்தது இதுதான். லாஸி ப்ரே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் ஆற்றில் பிணமாகக் கிடந்தாள். அவளோடு நடனத்துக்குப் போனவர் ஹார்மன் ரஸ்னிக், டெல்சி அத்தையின் தகப்பனார். அப்போது அத்தை கைக்குழந்தை. ஹார்மனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்தார். வசந்தம் வருவதற்கு முன்னால் மாவு மில்லுக்காரன் மரணப் படுக்கையில் பாதிரியாரையும் ஷெரீப்பையும் கூப்பிட்டு, கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டுச் செத்தான். ஹார்மன் வெளியே வந்தார். ஊரே நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தது. அந்த வருஷமே எமரி டாக்கெட் அதைப் பாட்டாகக் கட்டினார். மொத்தம் ஒன்பது சரணம். ஆறில் ஹார்மன் உள்ளே போகிறார், மூன்றில் வெளியே வருகிறார்.

இருபத்தெட்டில் வடக்கேயிருந்து ஒரு கம்பெனி மெழுகுத் தட்டும் பதிவு மிஷினுமாக வந்து, ஒரு தொப்பிக் கடை மாடியில் எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மலைக்காரர்களின் பாட்டுகளைப் பதிவு செய்தது. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். மூன்று நிமிஷம் ஆனால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று எமரியிடம் சொல்லியிருந்தார்கள். ஆறாவது சரணத்தில் விளக்கு எரிந்தது. எமரி சொன்ன சொல் தவறாத ஆள். நிறுத்திவிட்டார்.

அதோடு அந்தத் தட்டுக்குள் ஹார்மன் மறுபடியும் சிறைக்குப் போனார். இந்தத் தடவை வெளியே விட ஆள் இல்லை.

தட்டு ஊர் ஊராகப் போனது. கொஞ்ச வருஷத்தில் எங்கள் ஆட்கள் செய்த காரியம்தான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் எரிகிறது. ஜூலை நாலாம் தேதிச் சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் எமரி மேடையேறி ஒன்பது சரணத்தையும் பாடுவார். ஆறு முடிந்ததும் கூட்டத்திலிருந்து சத்தம் வரும்: "எமரி, தப்பாப் பாடற! ரெக்கார்டுல அங்க முடிஞ்சுடும்!" பாட்டைக் கட்டியவனுக்கே பாட்டைத் திருத்தினார்கள். "அது நான் பாடுன ரெக்கார்டுதான்யா!" என்று எமரி கத்தினால், "அப்ப அதுல பாடுன மாதிரி பாடு!" என்பார்கள். நீதிமன்ற வாசலில் நின்று கண்ணால் பார்த்தவர்களே அப்படிக் கத்தினார்கள். சொந்தக் கண்ணைவிட மிஷின் சொன்னது பெரிதாகிவிட்டது. எமரி முப்பத்தொன்பதில் சுரங்கக் கூரை சரிந்து செத்தார். மிச்சம் மூன்று சரணத்தையும் பாட அதற்குப் பிறகு யாருமில்லை.

எங்கள் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுப்பது வழக்கம். ஹார்மனின் கை காற்றில் நிற்கத் தொடங்கியது. முதலில் தட்டைக் கேட்டு வளர்ந்த இளவட்டங்கள் விலகின, பிறகு அவர்களைப் பெற்றவர்கள். அவர் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். ஒருநாள் மேசை நாற்காலி விற்கிற கடை வாசலில் அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். கடைசிவரை நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகளிடம், "நல்லாத்தான் பாடியிருக்கான்" என்றாராம்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு அவர் மேல இன்னிக்கும் கோவம்" என்பார் டெல்சி அத்தை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே அந்த வரியைப் பாடும்: 'ஒண்ணும் சொல்லாமல் அவன் தண்ணீரைப் பார்த்தானே.' பாடின பிள்ளைக்குப் பாத்திரத்து அடியில் தீய்ந்த பீன்ஸ் விழும். பாடாத பிள்ளைக்கு மேலாக எடுத்தது விழும். பாடாத பிள்ளைகள் குறைவு. எங்கள் கவுண்ட்டியில் ஒரு தலைமுறையே தீய்ந்த பீன்ஸ் தின்று வளர்ந்திருக்கிறது. இன்று எங்களை ஆளுகிறவர்கள் அவர்கள்தான். பல விஷயம் அதிலிருந்தே விளங்கும்.

பாதையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம். அடுத்த வாரமே ஒரு வேன் மேட்டில் ஏறியது. ஒஹாயோவிலிருந்து மார்னி என்ற பெண், வெறுங்கால், இடுப்பு வரைக்கும் தலைமுடி, கையில் பிடில். திருவிழாவில் வாசிக்க வந்த மூன்று பேர் குழுவில் ஒருத்தி. பாதையைப் பார்த்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டாள், கோயில் இடிந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி. நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னடி தேடற? முத்தா கொட்டிக் கிடக்கு?"

"அம்மா, இது எவ்வளவு அபூர்வமான தட்டு தெரியுமா? நாடு முழுக்கத் தேடறாங்க. விரல்விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் மிச்சம்."

"ஏன் மிச்சமில்ல?"

மார்னி பாதையைப் பார்த்தாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"நீங்க உடைக்க உடைக்கத்தான் அதுக்கு மவுசு ஏறியிருக்கு" என்றாள் மெதுவாக. "சும்மா விட்டிருந்தா ஆயிரம் பாட்டோட ஒண்ணாக் குப்பையில கிடந்திருக்கும்."

அத்தையின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தன் கையாலேயே தன் வீட்டுக்கு நெருப்பு வைத்தவரிடம், நெருப்பு அழகாக எரிகிறது என்று யாரோ சொன்ன மாதிரி. மொத்த ஆத்திரமும் அந்தப் பெண் மேல் திரும்பியது.

"அப்படி என்னடி இருக்கு இந்தப் பாட்டுல? ஒரு பொண்ணு சாகறா, ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான். அங்க ஒஹாயோவுல உங்களுக்குச் சாவே இல்லையா?"

"மொத தடவ கேட்டப்ப காரை ஓரங்கட்டி நிறுத்திட்டேன்மா. ஓட்ட முடியல. இப்ப ரேடியோவுல வர்றவங்க எல்லாம் என்கிட்ட கெஞ்சறாங்க, அழு, அழுன்னு. இவர் ஒண்ணும் கேக்கல. சொல்லிட்டுப் போயிட்டார். அதுவும் அந்த முடிவு... 'தண்ணீரைப் பார்த்தானே'ன்னு சொல்லிட்டு நின்னுடறாரு பாருங்க, அதுக்கப்புறம் வர்ற மௌனம்..."

"அந்த மௌனத்துலதான்டி எங்க அப்பா செத்தாரு!"

கோழிகள் சிதறி ஓடின.

"முடிவுமில்ல ஒரு மண்ணுமில்ல. லைட்டு எரிஞ்சுது, நிறுத்திட்டான். அவ்வளவுதான் உன் மௌனம். அந்த எமரி கெட்ட குரலாப் பாடித் தொலைச்சிருந்தா எங்க அப்பா தப்பிச்சிருப்பாரு. கேக்க ஆளில்லாமப் போயிருக்கும். நல்லாப் பாடித் தொலைச்சான், பாவி!"

மார்னி கையில் இருந்த சில்லுகளைத் திரும்பப் பாதையிலேயே வைத்தாள். "மிச்சம் இருக்கா அம்மா? அப்ப மிச்சம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். உனக்குக் கிடையாது. போ."

வேன் இறங்கிப் போனது. அத்தை என்னைப் பார்த்தார். "வண்டிய எடு. வெண்டல் கடைக்குப் போறோம்."

வெண்டல் ப்ரேட்டரின் மேசை நாற்காலிக் கடை நடுத்தெருவில் இருக்கிறது. அவர் அப்பா காலத்தில் அந்தக் கடையில்தான் கிராமபோன் பெட்டியும் தட்டுகளும் விற்றார்கள். ஹார்மன் நின்று கேட்டது அந்த வாசலில்தான். சுரங்கங்கள் மூடிய பிறகு எங்கள் ஊரில் விற்க மிச்சமிருப்பது ஒரே ஒரு கொலை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் வெண்டல். திருவிழாக் கமிட்டித் தலைவர் அவரே. விளம்பரத் தாளில் இப்படி அச்சடித்திருந்தார்: 'லாஸி ப்ரே உயிர்விட்ட ஆற்றங்கரையில் குடும்பத்தோடு ஓர் இனிய மாலை.' ஐஸ்கிரீம் கடையில் அவள் பெயரில் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் போட்டார்கள். நிறம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"வாங்க அத்தை, உக்காருங்க, இது புது மாடல், சாய்ஞ்சுக்கலாம்..."

"சாய வரல. கல்லுல இன்னும் மூணு சரணம் இருக்கு. அதையும் செதுக்கு."

வெண்டல் சிரித்தார். எந்தச் சங்கடத்துக்கும் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவரிடம் உண்டு. "அத்தை, உங்க அப்பா நிரபராதின்னு எனக்குத் தெரியாதா? கோர்ட்டே விட்டுடுச்சு. யாரும் இல்லேங்கல."

"அப்ப எழுது."

"கல்லுல இடமில்லையே அத்தை."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அத்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இடமில்ல" என்று அத்தை திருப்பிச் சொன்னார். "தட்டுலயும் இடமில்ல. கல்லுலயும் இடமில்ல. கல்லுக்கு முதுகு இருக்கில்ல? அதுல எழுது."

"முதுகு... பின்பக்கம் கொடுத்தாச்சு அத்தை. உதவி பண்ணினவங்க பேரு வருது. பேங்க்கு, சோடா கம்பெனி, அப்புறம் நம்ம கடை, சின்னதா ஒரு கட்டில் படத்தோட."

"தட்டுல கழுதைக்கு ஒரு பக்கம் முழுசா இருந்துச்சு. கட்டிலுக்கு இருக்கு. எங்க அப்பனுக்கு மட்டும் ஒலகத்துல எந்தப் பக்கமும் காலி இல்ல!"

"பாட்டு பாட்டுதானே அத்தை. சட்டம் வேற, பாட்டு வேற. இவ்வளவு தூரத்துலருந்து வர்ற ஜனங்க அந்த முடிவைக் கேக்கத்தான் வர்றாங்க. மில்லுக்காரன் படுத்துக்கிட்டு ஒத்துக்கறது, இவர் வெளிய வர்றது... சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் சப்புன்னு போயிடும்."

அவர் சொன்னதில் பெரிய கொடுமை, அது பொய் இல்லை என்பதுதான். உண்மை சப்பென்றுதான் இருந்தது. ஒரு மனிதன் வெளியே வந்தான், வீட்டுக்குப் போனான், வயலை உழுதான். அதைக் கேட்க யார் காரை ஓரங்கட்டுவார்கள்?

அத்தை எழுந்தார். "வெண்டல், நாலாங்கிளாஸ்ல நீ தட்ட நீட்டிக்கிட்டு அந்த வரியப் பாடுனது எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்கு உனக்கு ரெண்டாந்தடவ சோளரொட்டி வேணும்னு கேட்டே. போட்டேன். போட்டிருக்கக் கூடாது."

சனிக்கிழமை எல்லோரும் எதிர்பார்த்தது சுத்தியலை. வெண்டல் பயந்துபோய் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார். போர்த்திய துணியோடு கல் பாலத்தோரம் நின்றது. ஆற்றங்கரை முழுக்கக் கார்கள், மடக்கு நாற்காலிகள், இளஞ்சிவப்பு மில்க்‌ஷேக் குடிக்கிற குழந்தைகள். டெல்சி அத்தை ஞாயிற்றுக்கிழமைக்கான நீல உடுப்பு போட்டு, வெறுங்கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் அவர் கைப்பையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க அத்தை" என்றார். அவரும் பீன்ஸ் தின்றவர்தான்.

மார்னியின் குழு மேடையேறியது. லாஸி ப்ரே. தட்டில் இருக்கிறபடியே, எமரி மூச்சு வாங்கின இடத்தில் மூச்சு வாங்கிப் பாடினார்கள். ஆறாவது சரணம், தண்ணீரைப் பார்த்தானே, பட்டென்று நின்றது. கூட்டம் அந்த மௌனத்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்தார். மேடைப் படியில் ஏறி மைக்குக்கு முன்னால் நின்றார். வெண்டல் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். அடங்காத பிள்ளைக் கூட்டத்தை முப்பது வருஷம் வரிசையில் நிற்க வைத்த குரலுக்கு மைக் எதற்கு என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

*பனி விழுந்த மாசத்திலே மில்லுக்காரன் படுத்தானே,*
*பாதி மூச்சு இருக்கையிலே பாதிரியை அழைத்தானே.*
*"லாஸி ப்ரேயைக் கொன்றது இந்தக் கைதான்" என்றானே,*
*"ரஸ்னிக்கை விட்டிடுங்கள்" என்று கண்ணை மூடினானே.*

நல்ல குரல் இல்லை. சுருதி வேறு எங்கேயோ இருந்தது. முதல் சரணத்துக்குத் துணைக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் மார்னி பிடிலைத் தோளில் வைத்தாள். அத்தையின் சுருதியைத் தேடிப்போய், அது இருந்த இடத்துக்கே இறங்கி, கூட நடந்தாள்.

*கதவு திறந்த காலையிலே வெயில் கண்ணைக் குத்தியதே,*
*கை விலங்கு போன பின்னும் கைத்தழும்பு நின்றதே.*
*ஊர்சனம் கூடி நின்று ஹார்மனைப் பார்த்ததே,*
*ஒண்ணும் சொல்லாமல் அவன் வீட்டுக்கு நடந்தானே.*

*பாட்டைக் கேட்ட நல்லவரே, பாதியோடு போகாதீர்,*
*வீட்டுக்குப் போனதுமே மிச்சத்தையும் சொல்லிடுவீர்.*
*செத்தவளுக்கு அழுதிடுங்கள், கொன்றவனை வைதிடுங்கள்,*
*செய்யாதவன் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிடுங்கள்.*

யாரும் கை தட்டவில்லை. வெளியூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நிம்ராட் போலிங் என்ற கிழவர் மட்டும் தடியை ஊன்றி எழுந்தார். அன்றைக்கு நீதிமன்ற வாசலில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒருவர்.

"ஆமா டெல்சி. நான் பாத்தேன். ஹார்மன் படி இறங்கி வந்தான், பழுப்பு கோட்டு. நான் பாத்தேன். மறந்தே போச்சு."

அத்தை மேடையிலிருந்தே அவரைப் பார்த்தார். மன்னிப்பார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள்.

"மறந்து போச்சா? தேவாலயத்துல எங்க அப்பா உனக்கு அடுத்த பெஞ்சுல உக்காந்திருந்தாரு நிம்ராட்! உன் கண்ணு முன்னால கைய நீட்டினாரு! எமரி மேடையில தொண்டை கிழியப் பாடறப்ப, 'தப்பாப் பாடற'ன்னு மொதல்ல கத்தினவன் நீ! மறக்கல நீ. உனக்கு ரெக்கார்டு பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

கிழவர் உட்கார்ந்துவிட்டார். வெண்டல் சிரித்துக்கொண்டே துணியை இழுத்தார். கல் வெளியே வந்தது. ஆறு சரணம், பின்னால் கட்டில். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. போகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்லைப் பற்றி நான் எழுதிய மூன்று கட்டுரைகளுக்கும் கமிட்டியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கட்டில் விளம்பரம் மட்டும் எங்கள் பத்திரிகையில் வருவது நின்றுவிட்டது.

அன்று மார்னிதான் அத்தையை வேனில் கொண்டுபோய் வீட்டில் விட்டாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அத்தை திட்டிக்கொண்டே வந்தார். வெண்டலை, நிம்ராடை, எமரியை, வேனின் நாற்றத்தை, செருப்புப் போடாத பெண்களை. வீட்டு வாசலில் இறங்கியதும் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உள்ள வா. ஒரு தடவதான் சொல்லுவேன்" என்றார். மூன்று சரணத்தையும் ஒரு தடவை சொன்னார். பிறகு, அவள் தப்பாகப் பாடியதால், இன்னும் பத்துத் தடவை சொன்னார்.

போகும்போது அலமாரியிலிருந்து ஒரு ஜாடி ஊறுகாய்ச் சோளம் எடுத்து அவள் மடியில் வைத்தார். நீலக் கண்ணாடி ஜாடி, துத்தநாக மூடி.

"சோளம் உனக்கு. ஜாடி எனக்கு. திரும்ப வரணும். வெறும் ஜாடியாத் திருப்பற வழக்கம் இந்த மலையில கிடையாது, அதையும் தெரிஞ்சுக்கோ."

"கண்டிப்பா அம்மா" என்றாள் மார்னி.

இந்தக் குளிர்காலத்தில் ஒஹாயோவின் க்ளீவ்லாண்டிலிருந்து வந்த ஒரு லாரிக்காரர், அங்கே ஒரு காப்பிக் கடையில் லாஸி ப்ரேயை ஒன்பது சரணமாகப் பாடினார்கள் என்று பெட்ரோல் பங்கில் சொன்னார். பாதிக் கூட்டம் ஆறிலேயே கைதட்டிவிட்டதாம், அவர்கள் நிறுத்தாமல் பாடினார்களாம். நான் மேட்டில் ஏறிப்போய் அத்தையிடம் சொன்னேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒன்பதும் பாடினாளா?"

"ஒன்பதும்."

"சுருதி?"

"அதை அவர் சொல்லல அத்தை."

தீனிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என்மேல் பாய்ந்தார்.

"ஊரூராப் போய்ப் பாடத் தெரியுதில்ல? ஜாடி எங்கடா? எங்க அம்மா வச்சிருந்த ஜாடி அது. இப்ப அந்த மாதிரி மூடி எங்கயும் வர்றதில்ல. நீதானே அவளக் கூட்டிக்கிட்டு வந்தே?"

"நான் கூட்டிக்கிட்டு வரல அத்தை. அவளா வந்தா."

"நீ எழுதித்தானே வந்தா? அப்ப எழுது. ஜாடியக் கேட்டு எழுது."

எழுதிவிட்டேன். மார்னி, இதை யாராவது உனக்குக் காட்டினால், நீல ஜாடி, துத்தநாக மூடி, பிட்டர் க்ரீக் மேட்டு வீடு. வெறுமையாக அனுப்பாதே. ஜாடி போய் இரண்டு வருஷமாகிறது. மேட்டுப் பக்கம் போனாலே எனக்குத் திட்டு விழுகிறது.